வயலுக்கு அடியில் ஒரு மடை

வானம் கொஞ்சம் கறுத்தாலே நான் வாசலுக்கும் மொட்டை மாடிக்குமா நடக்கிறதைப் பார்த்து நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க. "எங்கப்பாவுக்கு மழை ஜுரம்"னு சின்னவள் பக்கத்து வூட்டுப் பிள்ளைகிட்ட சொன்னது என் காதிலும் விழுந்தது. சிரிங்க, தப்பில்லை. ஆனா அந்த நடை எங்கிருந்து ஒட்டிக்கிட்டதுன்னு உங்களுக்குத் தெரியணும். பாதி உங்களுக்கே தெரியும், கூடவே இருந்தீங்க. மீதி நடக்கும்போது, பெரியவங்க பேச்சுன்னு உங்களை அந்தப் பக்கம் அனுப்பிட்டோம். நான் ஐ.டி.ஐ. வரைக்கும் படிச்சவன். ஒரகடத்துக் கம்பெனிக்குள்ளே பைப்பு, பம்பு, வால்வு பார்க்கிற வேலை. பைப்பு ஒழுகினா அடைக்கத் தெரியும், எழுத்து ஒழுகினா அடைக்கத் தெரியாது. பொறுத்துக்கிட்டுப் படிங்க.

பிள்ளைப்பாக்கத்தில் இருக்கிற நிலம் என்னுடையது இல்லை, உங்க அம்மாவுடையது. அவங்க அப்பா ஒரே துண்டாக வைத்திருந்ததை ரெண்டாகப் பிரித்து, மேல்பக்கத்தை அம்மாவுக்கும் கீழ்பக்கத்தைப் பெரியம்மாவுக்கும் எழுதிக் கொடுத்தார். பெரியம்மா பக்கத்து மூலையில் ஒரு குட்டை. அதில் அவங்க மீன் குஞ்சு விட்டு வளர்க்கிறாங்க, மாட்டுக்கும் அதுதான் தண்ணி. அம்மா அப்போ சுங்குவார்சத்திரத்துப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி லைனில் நின்னு வேலை பார்த்துக்கிட்டு இருந்தாள். நாள் முழுக்க நின்னே பார்க்கிற வேலை. ஒருநாள் ஷூவைக் கழட்டிப்போட்டு, "நிலத்த நானே பாத்துக்கறேன்"னாள். விட்டுவிட்டு வந்துவிட்டாள். அவள் அவ்வளவு சந்தோஷமாகச் சோறு தின்று நான் அதற்கு முன்னே பார்த்ததில்லை.

சந்தோஷம் ரெண்டு சம்பாகூட நிற்கவில்லை. நம்ம வயலுக்கு மேலே இருந்த மேட்டை ஒருத்தர் குடோன் கட்ட வாங்கினார். லாரி லாரியாக கிராவல் அடிச்சு ஆள் உயரத்துக்கு ஏற்றி, சுற்றிலும் சுவர் வைத்தார். நடுவில் ஓடின பழைய கால்வாய் அந்த மண்ணுக்குள்ளே போச்சு. அன்றிலிருந்து மழைத்தண்ணி எல்லாம் அந்த மேட்டுக்குள் இறங்கி, மெதுவாகக் கசிந்து, நம்ம வயலில் வந்து நிற்க ஆரம்பித்தது. நின்றால் போகாது. ஏரித் தண்ணி வேண்டாம் என்று மடையை அடைத்தாலும் கீழேயிருந்து ஊறும். முதல் சம்பாவில் அறுப்பு மெஷின் உள்ளே இறங்கி, சக்கரம் புதைந்து, அதை இழுக்க இன்னொரு டிராக்டர் வரவேண்டி இருந்தது. சாய்ந்த கதிரிலேயே நெல் முளைத்துவிட்டது. ரெண்டாவது சம்பாவில் இலை நுனியெல்லாம் துரு ஏறின மாதிரி ஆகிவிட்டது. தண்ணி மேலே வானவில் கலரில் ஒரு படலம்.

"கம்பெனி ஆயில்பா இது. நீ வேல பாக்கற எடத்துலேர்ந்துதான் வருது, போய்க் கேளு" என்று ஊரில் என்னைத்தான் சொன்னார்கள். எனக்கும் அதே சந்தேகம். நான் துடைக்கிற ஆயில் நம்ம வயலுக்கே வந்துவிட்டதா? வேளாண்மை ஆபீசிலிருந்து ஒரு மேடம் வந்தார். ஒரு குச்சியை எடுத்து அந்தப் படலத்தை லேசாகத் தொட்டார். அது மெல்லிய கண்ணாடி மாதிரி துண்டு துண்டாக உடைந்து தனித்தனியாக மிதந்தது.

"ஆயிலா இருந்தா கலைச்சாலும் திரும்ப ஒண்ணா சேர்ந்துக்கும். இது உடையுது பாருங்க. இது உங்க மண்ணுல இருக்கற இரும்பு" என்றார். ஒரு நெல் குத்தைப் பிடுங்கிக் காட்டினார். வேர் கறுப்பு. அழுகின முட்டை நாற்றம். "நெல்லு தண்ணியில நிக்கும், அதுக்காக வருஷம் பூரா மூழ்கிக் கிடந்தா மண்ணுக்கு மூச்சு இருக்காது. காத்து இல்லாத மண்ணுலதான் இரும்பு கரைஞ்சு வேருக்கு விஷமா மாறும். உரம் போட்டா சரியாவாது. தண்ணி வெளிய போக வழி பண்ணுங்க."

வழி எங்கே? வரப்போரம் ஆழமாக வாய்க்கால் வெட்டினால் சரிந்து மூடிக்கொள்ளும். அன்றைக்கு வயலில் நின்றபடியே அம்மா சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "தோ பாருங்க. அடுத்த சம்பாவும் இப்டியே போச்சுன்னா நான் திரும்ப லைனுக்கே போயிடறேன். சேத்துல நிக்கறதுக்கு சிமெண்ட் தரையிலயே நின்னுட்டுப் போறேன். நெலத்த யாருன்னா பிளாட் போடட்டும்." அழவில்லை, கோபப்படவும் இல்லை. பஸ் டைமிங் சொல்கிற மாதிரி சொன்னாள். அதுதான் எனக்குத் திக்கென்றது.

அந்த மேடம் போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். சில இடங்களில் வயலுக்கு அடியில் ஓட்டைப் பைப்பு புதைத்து தண்ணியை வடிக்கிறார்கள் என்றார். எங்க கம்பெனி வாசலில் ஒரு புல்தரை இருக்கிறது. எவ்வளவு மழை பெய்தாலும் அதில் ஒரு சொட்டு நிற்காது. காரணம் எனக்குத் தெரியும், அதற்கு அடியில் ஓட்டைப் பைப்பு ஓடுகிறது, அது வந்து விழுகிற தொட்டியைச் சுத்தம் பண்ணுகிறவனே நான்தான். யாரும் தின்னாத புல்லுக்கு இவ்வளவு மரியாதை, நெல்லுக்கு இல்லையா என்று தோன்றிவிட்டது. தோன்றினால் எனக்கு நிலைகொள்ளாது, உங்களுக்குத் தெரியுமே.

வீட்டு ஹாலில் பி.வி.சி. பைப்பை அடுக்கி நான் டிரில்லிங் மெஷினால் ஓட்டை போட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பெரியவன் பைப்பைப் பிடித்துக்கொண்டான், சின்னவள் ஓட்டை வழியாகப் பார்த்து எங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அம்மா வந்து இடுப்பில் கை வைத்தாள். "வூடு பூரா தேங்கா துருவிப் போட்ட மாதிரி கீது. இத யார் பெருக்கறது?" என்றாள். பெருக்கினது நான்தான். அதை நீங்கள் யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டீர்கள்.

சுங்குவார்சத்திரத்து டீக்கடைக்கு விஷயம் எனக்கு முன்னால் போய்விட்டது.

"இன்னாபா, வயலுக்குக் கீழ டிரெய்னேஜ் போட்டுகினு கீறியாமே? நெல்லுக்குக் கக்கூஸ் கட்டறியா?"

"அட்டாச்டு பாத்ரூம்பா. நெல்லு இனிமே ஏ.சி.யிலதான் தூங்கும்."

என் கூட வேலை செய்கிற திருநெல்வேலிக்காரர் ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "சிரிக்காதீய. எண்ணே, வாரக் கடைசில நானும் வாரேன். நெல்லுக்குப் பிளம்பிங் பண்ணுன ஆளுன்னு ஊர்ல போயிச் சொல்லணும்லா" என்றார். சொன்னபடியே வந்தார்.

சின்ன ஜே.சி.பி. வைத்துப் பள்ளம் எடுத்தோம். மேலே சேறு. அதற்குக் கீழே சிமெண்டு போட்ட மாதிரி ஒரு கெட்டித் தட்டு. வருஷக் கணக்காகச் சேறு கலக்கிக் கலக்கி இறுகினது அது, தண்ணியைப் பிடித்து வைத்திருந்ததே அதுதான். அதையும் உடைத்துக்கொண்டு இடுப்பளவு ஆழத்துக்குப் போனால் சாம்பலும் நீலமுமாக ஒரு களிமண். ஒரே நாற்றம். டியூபில் தண்ணி ஊற்றி மட்டம் பார்த்து, பைப்பைச் சரிவாக வைத்து, களி புகுந்து ஓட்டையை அடைக்காமல் இருக்கத் தேங்காய் நாரைச் சுற்றி, ஜல்லி போட்டு மூடினோம். பைப்பின் வாய் எங்கே முடிவது? தாழ்வான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, பெரியம்மாவின் குட்டை. போய்க் கேட்டேன்.

"வரட்டுமே தம்பி. கோடையில குட்ட காஞ்சிதான போவுது" என்றார் உங்க பெரியம்மா. அவ்வளவுதான் பேச்சு. அந்தத் தண்ணியில் என்ன வரும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

முதல் மழைக்கு அந்தப் பைப்பு வாயில் கலங்கலாகச் செம்மண் கலரில் சொட்டி, அப்புறம் விரல் தடிமனுக்கு ஓடி, அப்புறம் தெளிந்தது. கண்ணாடி மாதிரித் தண்ணி. கையில் ஏந்திக் குடிக்கப் போனேன், அம்மா கையைத் தட்டிவிட்டாள். ஆனால் அவள் முகத்தில் சிரிப்பு.

அந்தச் சம்பாவில் பயிர் எழுந்தது பாருங்கள்! அம்மா ஒரு குத்தைப் பிடுங்கி வேரைக் கழுவி என் மூக்குக்கு நேராக நீட்டினாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. நாற்றமே இல்லை. வரப்போரம் மண்ணைக் கிளறினால் பிட்டு மாதிரி உதிர்ந்தது. எங்கேயோ போயிருந்த மண்புழு திரும்பி வந்திருந்தது. லைன் என்கிற வார்த்தை நம்ம வீட்டில் காதிலேயே விழவில்லை. நான் ஷிப்டு முடிந்து நேராக வயலுக்குத்தான் போவேன். பைப்பு வாயில் தண்ணி ஓடினால், அடைத்துக்கொள்ளுமோ என்று பயம். ஓடாவிட்டால், அடைத்துக்கொண்டதோ என்று பயம்.

அம்மா மட்டும் ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "தண்ணி நிக்க மாட்டேங்குது. களை ஏகத்துக்கு வருது." இத்தனை நாள் தண்ணி நின்ற வயல், இப்போது நிற்க மாட்டேன் என்கிறது, என்ன செய்ய? நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் யூரியா போடுகிற நேரம் வந்தது. நம்ம பக்கம் எப்படிப் போடுவாங்கன்னு நீங்க பார்த்திருக்கீங்க. வயலில் கொஞ்சம் தண்ணி கட்டி, மடையைச் சேறு வைத்து அடைத்து, மேலே தூவிவிட்டு வந்துவிடுவது. ரெண்டு மூணு நாள் மடையைத் திறக்கக் கூடாது, திறந்தால் உரம் ஓடிவிடும். அம்மா ஒரு குறையும் இல்லாமல் அப்படியே செய்தாள். மறுநாள் போய்ப் பார்த்தால் வயலில் தண்ணியைக் காணோம்.

"நண்டு வளை போட்டிருக்குது" என்றாள்.

எல்லாருக்கும் தோன்றுவது அதுதான். மடை அடைத்திருக்கிறது, தண்ணி இல்லை, அப்படியென்றால் வரப்பில் நண்டு ஓட்டை போட்டிருக்கிறது. வரப்பெல்லாம் குனிந்து தேடினாள். ஒன்றிரண்டு வளை கிடைத்தது. நண்டைத் திட்டிக்கொண்டே சேற்றை வைத்து அறைந்து மூடினாள். திரும்பத் தண்ணி கட்டினாள். உரம் போய்விட்டதே என்று திரும்ப ஒரு முறை தூவினாள். நானும் அன்றைக்குக் கூட நின்றுதான் நண்டு தேடினேன். பைப்பு போட்டவன் நான், என் காலுக்கு அடியில்தான் அது ஓடுகிறது, நான் வரப்பில் நண்டு தேடுகிறேன்.

ஒரு வாரம் போனது. காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். உங்க பெரியம்மா வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. உங்களை அப்போதுதான் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினோம்.

"வந்து பாருடி" என்றார் அம்மாவிடம். என்னைப் பார்க்கவே இல்லை.

குட்டை, பச்சை பெயிண்டைக் கொட்டிக் கலக்கின மாதிரி இருந்தது. ஓரத்தில் நுரையும் பாசியும் சேர்ந்து கிடந்தது. மீன் எல்லாம் மேலே வந்து வாயை வாயைத் திறந்துகொண்டிருந்தது. சிலது வயிறு மேலே தெரிய மிதந்தது. மாட்டை இறக்கினால் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது.

"எத்தினி மூட்ட யூரியாடி கொட்டின?"

"அக்கா, நான் மடையவே தொறக்கலக்கா. அட்சி வச்சிருந்தேன்."

"மடைய அட்சிட்ட. அப்ப என் குட்டைக்கு இது எங்கேர்ந்து வந்துது? வானத்துலேர்ந்தா?"

மூணு பேரும் பைப்பு வாயைப் பார்த்தோம். கண்ணாடி மாதிரி சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவு சுத்தமான தண்ணி. உரம் கரைந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது.

"நம்மூர்ல மேல் வயல்ல மடைய தொறந்தா கீழ் வயலுக்கு ஒரு கொரல் குடுப்பாங்க, தெரியும்ல? 'தொறக்கறேன், பாத்துக்க'ன்னு. பகையாளிகூட குடுப்பான்டி. நீ கூடப்பொறந்தவ. பூமிக்கு அடில மடைய வச்சிகினு வாயத் தொறக்காம அனுப்பிட்ட."

"தெரியாமப் போச்சு அண்ணி" என்று நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க பேசாதீங்க தம்பி. குடோன்காரன் உங்க தலைல தண்ணிய வுட்டான்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சீங்கல்ல? நீங்க என் தலைல வுட்டீங்க. அவன் மண்ணு கொட்டனான், நீங்க பைப்பு போட்டீங்க. அவ்ளோதான் வித்தியாசம்."

சொல்லிவிட்டு ஒரு பழைய கோணியில் சேற்றைத் திணித்து, பைப்பு வாயில் வைத்து, காலால் உதைத்து அடைத்தார். நாங்கள் தடுக்கவில்லை. எந்த முகத்தோடு தடுப்பது?

அடைத்ததும் அடுத்த மழை வந்தது. வயலில் தண்ணி ஏறியது. நாலைந்து நாளில் மேல்மூலையில் அந்த வானவில் படலம். இலை நுனியில் துரு. நான் கோணியைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அக்கா குட்டையக் கெடுத்துட்டு எனக்கு ஒரு மணி நெல்லு வேணாம். பழைய சூப்பர்வைசருக்கு போன் பண்ணிட்டேன். பொங்கல் கழிச்சி வரச் சொல்லி கீறாங்க."

வண்டி எடுத்துக்கொண்டு படப்பை வரைக்கும் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். கம்பெனியிலும் அதே கதை. பார்த்த வால்வையே திரும்பப் பார்ப்பேன். அப்படி அலைந்துகொண்டிருந்தபோதுதான் கூலிங் டவர் தொட்டிக்கு முன்னால் நின்றேன். அந்தத் தொட்டியில் ஓவர்ஃப்ளோ பைப்பு ஒன்று நட்டுக்குத்தலாக நிற்கிறது. அதன் உயரம் எவ்வளவோ அவ்வளவு தண்ணி தொட்டியில் நிற்கும். அதற்கு மேலே வருகிறது மட்டும் வெளியே போகும். இதை தினம் பார்க்கிறவன் நான். பைப்பு வாயைத் திறந்தே வைக்கவும் வேண்டாம், கோணி வைத்து அடைக்கவும் வேண்டாம். எல்போ என்கிற ஒரு வளைவு மூட்டைப் பசை போடாமல் கிரீஸ் தடவி மாட்டி, அதில் ஒரு துண்டு பைப்பைச் சொருகினால் போதும். மேலே தூக்கி நிறுத்தினால் மண்ணுக்குள் தண்ணி நிற்கும். கீழே சாய்த்தால் வடியும். உரம் போடும்போது தூக்கு. மழை அடித்தால் சாய். அவ்வளவுதானே!

அம்மாவையும் கூட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய், எல்போவைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இத யார் திருப்பறது?"

"நான்தான் அண்ணி."

"நீங்க ஷிப்டுல இருப்பீங்க."

"அப்ப உங்க தங்கச்சி."

"அவளுக்கு அவ பயிருதான் தெரியும். வாய் என் பக்கம் கீது. நான் திருப்பறேன். நான் தவிர வேற யாரும் அதத் தொடக்கூடாது. இஷ்டம்னா மாட்டுங்க."

தன் பயிர் மூச்சு விடுவதற்கு அக்காவைக் கேட்கவேண்டும் என்றால் யாருக்குத்தான் கஷ்டமாக இருக்காது? அம்மா எல்போவை வாங்கி ஒரு தடவை பார்த்துவிட்டு அக்கா கையிலேயே திருப்பி வைத்தாள். அப்புறம், "சரிக்கா. நீ மட்டும்தான். நான் தொட மாட்டேன்" என்றாள்.

பெரியம்மா இன்னொன்றும் செய்தார். பைப்பு வாய்க்கும் குட்டைக்கும் நடுவில் ஒரு பள்ளம் எடுத்துச் சேம்பு நட்டார். "இது எவ்ளோ உரம் வந்தாலும் தின்னும்" என்றார். அம்மா யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, தண்ணி கட்டாத ஈர மண்ணில், பைப்பு தூக்கியிருக்கும்போது மட்டும் போட்டாள். ரெண்டு பேரும் போனில் பேசிக்கொள்வார்கள். "தூக்கிட்டியா?" "தூக்கிட்டேன். போடு." வேறு ஒரு வார்த்தை இருக்காது, குடும்ப விஷயம் ஒன்றும் கிடையாது. குட்டை மெதுவாகத் தெளிந்தது. போன மீன் போனதுதான். மிச்சம் இருந்தது பிழைத்தது. பயிரில் துரு நின்று, புது இலை பச்சையாக வந்தது.

கதிர் முற்றி, அறுப்பு மெஷினுக்குச் சொல்லி வைத்திருந்த நேரம். நான் காலை ஷிப்டு. மழை வராது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஷெட்டு தகரத்தின் மேலே சரளைக் கல்லைக் கொட்டின மாதிரி சத்தம். எங்களுக்குப் போன் லாக்கரில்தான், உள்ளே கொண்டுபோகக் கூடாது. நான் ஏதாவது சாக்கு வைத்து ஷட்டர் பக்கம் போய் வெளியே பார்ப்பேன், திரும்பி வருவேன், திரும்பப் போவேன்.

"இன்னாண்ணே, சுகரா? செக் பண்ணிக்கங்க. இத்தினி தடவயா போவீங்க?" என்றான் சூப்பர்வைசர் பையன்.

"எல்போ" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஷிப்டு முடிந்து லாக்கரைத் திறந்தால் அம்மாவிடமிருந்து ஏகப்பட்ட மிஸ்டு கால். திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. ஒரகடம் கூட்டு ரோட்டில் முழங்கால் தண்ணி, லாரி நகரவில்லை. சந்து பொந்தில் புகுந்து போய்ச் சேர்ந்தேன்.

அம்மா, பைப்பு வாய்க்குப் பக்கத்தில் வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் உரச் சாக்கு. எல்போ நட்டுக்குத்தலாக நின்றது, அதன் வாய் விளிம்பில் தண்ணி தளும்பிக்கொண்டிருந்தது. வயலில் பயிர் பாதி உயரத்துக்குத் தண்ணிக்குள் நின்றது. ஓர் ஓரம் சாய ஆரம்பித்திருந்தது.

"ஏன் திருப்பல?"

"அக்கா படப்பைல ஒரு கல்யாணத்துக்குப் போயி கீது. போன எடுக்கல."

"அதுக்கு? நீ திருப்பும்மா!"

"நான் தொட மாட்டேன்னு சொல்லி கீறேன்."

"பயிரு சாயுது!"

"தெரியுது. கண்ணு கீது எனக்கு."

நான் எல்போ பக்கம் குனிந்தேன். என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். "நீங்களும்தான். தொடாதீங்க. போனாப் போவுது, லைன் கீது எனக்கு. ஒரு தடவ அவளுக்குத் தெரியாம தண்ணி போச்சு. ரெண்டாந்தடவ போவாது."

வரப்பில் அந்தக் கோடிக்குப் போனேன், இந்தக் கோடிக்கு வந்தேன். போன் அடித்தேன், ரிங் போய்க்கொண்டே இருந்தது. ஒரு கைக்கு எட்டுகிற தூரத்தில் எல்போ. ரெண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நனைகிறோம். யாராவது பார்த்திருந்தால் பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. பட்டுப் புடவையை முழங்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பெரியம்மா வரப்பில் வழுக்கி வழுக்கி ஓடிவந்தார். தூரத்திலிருந்தே கத்தல்.

"இன்னாடி பொம்ம மாதிரி நின்னுகினு கீற? திருப்புடி!"

"நீதான யாரும் தொடக்கூடாதுன்ன!"

"சொன்னேன்டி! ஊரே முழுவும்போதுமா? யூரியா போட்டு எத்தினி நாளாச்சு, இப்ப வந்தா வெறும் தண்ணிதான? அறிவு வேணாம்? மண்டபத்துல மோளச் சத்தத்துல போன் கேக்கல. மழையப் பாத்துட்டு எலைல சோத்த வச்சிட்டு எழுந்து வரேன்."

குனிந்து எல்போவைப் பிடித்தார். திரும்பவில்லை. களி ஏறி இறுகியிருந்தது. "வந்து புடியேன்டி!" என்றார். அம்மா அப்போதும் என்னைத்தான் பார்த்தாள், அப்புறம் குனிந்து அக்கா கையின் மேலேயே கையை வைத்தாள். ரெண்டு பேருமாக ஒரு முறுக்கு. சட்டென்று சாய்ந்தது. வந்த வேகத்தில் ரெண்டு பேர் மேலும் சேற்றுத் தண்ணி அடித்தது. பட்டுப் புடவை போச்சு. பெரியம்மா அதைப் பார்த்து, "தொவைச்சிக் குடுத்துடு" என்றார். அம்மா சிரித்தாள், உடனே அழுதாள்.

அன்றைக்குப் பூராவும் பைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. சேம்பு மூழ்கியது. குட்டை வரப்புவரை ஏறி, பெரியம்மாவின் வயலில் கொஞ்சம் புகுந்தது. அதை அவர் சொல்லிக் காட்டவில்லை, நாங்களாகப் பார்த்தோம். சாய்ந்த ஓரம் நமக்கு வரவில்லை. அங்கே நெல் முளைத்துவிட்டது. மீதி நிலம், வெயில் வந்து சில நாளில் கால் புதையாத அளவுக்கு இறுகியது. அறுப்பு மெஷின் வந்தபோது நான் லீவு போட்டுவிட்டு அதன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். "அண்ணே, தள்ளுங்க, உங்களையும் சேத்து அறுத்துடுவேன்" என்று டிரைவர் திட்டினார். ஒரு இடத்தில் மட்டும் சக்கரம் வழுக்கிச் சுற்றியது. எனக்கு உயிர் போய் வந்தது. அப்புறம் ஏறிவிட்டது.

விளைச்சல் பிரமாதம் என்று சொன்னால் பொய். அந்தப் பைப்பு போடாமல் இருந்தால் ஒன்றும் இல்லை, அது மட்டும் நிஜம். குடோன்காரர் இப்போது பின்பக்கத்தையும் மண் கொட்டி ஏற்றுகிறார். அந்தத் தண்ணியும் நம்ம பக்கம்தான் இறங்கும். இந்தப் பைப்பு அதைத் தாங்குமா, தாங்கினால் பெரியம்மாவின் குட்டை தாங்குமா, குட்டைக்குக் கீழே யார் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் எனக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. எங்கேயோ ஓரிடத்தில் அந்தத் தண்ணி போய்த்தான் ஆகணும். அதனால்தான் மாடிக்கும் வாசலுக்கும் நடக்கிறேன்.

பொங்கல் கழித்துக் கம்பெனியிலிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது. அவள் அப்போது நாற்றங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். கையெல்லாம் சேறு, போனை நான்தான் காதில் வைத்துப் பிடித்தேன். அந்தப் பக்கம் பேசின பெண், திங்கட்கிழமை வந்து சேர்ந்துக்கலாம், பஸ் வாசலுக்கே வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது.

"இல்லம்மா, இப்ப வர முடியாது" என்றாள் அம்மா. "வெத ஊற வச்சிட்டேன். மொளப்பு கட்டிடுச்சு. இன்னிக்கே தெளிச்சாவணும்."

போதும், கட் பண்ணு என்று எனக்குத் தலையால் காட்டினாள். காட்டிவிட்டு விதைக் கூடையை இடுப்பில் ஏற்றினாள்.